பிள்ளைக் குளியலும் சிசுவின் நுரையீரலும்

பெங்களூரின் நீலசந்திரா, 1809-இல் ஆங்கிலேயர் நிறுவிய கண்டோன்மெண்டின் தெற்குப் பக்கத்தில், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஈஜிபுரா ஆகியவற்றை ஒட்டி, குறுகிய சந்துகளும் சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகளுமாக அமைந்த பகுதியாகும். சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகளோடும், அவற்றின் பின்னால் பிழைப்புத் தேடி வந்த வணிகர், கொத்தனார், சமையற்காரர், சலவைத் தொழிலாளர் ஆகியோரோடும் தமிழ் இந்தக் கண்டோன்மெண்டுக்குள் வந்து சேர்ந்தது. 1947-இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த அந்த நகரப் பகுதியில் தமிழே மிகுதியானோர் பேசிய மொழியாக இருந்தது. ஊர்விட்டு வந்தவர்கள் தெய்வங்களையும் திருவிழாக்களையும் கொண்டுவந்ததைப் போலவே பேறுகால வழக்கங்களையும் உடன் கொண்டுவந்தார்கள். அவற்றுள் இன்றளவும் மறையாமல் நிற்பது பிள்ளைக் குளியல். உருது, கன்னடம், தெலுங்கு பேசும் அண்டை வீடுகளிலும் சிறு வேறுபாடுகளோடு இதே வழக்கம் உண்டு என்பதால், பல மொழிக்காரர் கலந்து வாழும் சந்துகளில் ஒரு வீட்டுக்கு வரும் ஆயாவே அடுத்த வீட்டுக்கும் போவது இயல்பாயிற்று.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது தாய் தனியாகச் செய்யும் வேலையாகக் கருதப்பட்டதில்லை. பாட்டியோ, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆயாவோ பலகையில் உட்கார்ந்து இரு கால்களையும் நீட்டி, கணுக்கால்களுக்கும் முழங்கால்களுக்கும் இடையே அமையும் பள்ளத்தில் குழந்தையைக் கிடத்திக்கொள்வார். வெதுவெதுப்பான எண்ணெயை உச்சியில் வைத்து, கை, கால், முதுகு என்று நீவிவிட்டு, மூக்கின் தண்டைப் பிடித்து நிமிர்த்தி, தலையை உருட்டி வடிவாக்கி, பயத்தமாவு தேய்த்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை விடுவார். அதன்பின் வரும் சில நொடிகளே இக்கட்டுரைக்குப் பொருளாக அமைபவை. குழந்தையின் மூக்குத் துளைகளில் ஊதுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழையை வழித்தெடுப்பதும், சளி இளகட்டும் என்று மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் அந்த நொடிகளில் நடப்பன. துவட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்த உரை மருந்தைத் தாய்ப்பாலில் கரைத்து, மூக்கு நீண்ட சிறு கிண்ணமான பாலாடையால் புகட்டுவார்கள். வயிறு சுத்தமாக வேண்டும் என்று விளக்கெண்ணெய் புகட்டுவதும் உண்டு. குழந்தை வாயை மூடிக்கொண்டால் மூக்கைப் பிடித்துப் புகட்டுவதும் உண்டு.

இவ்வழக்கத்தை நூல் அறியாதோரின் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மூக்கின் வழியே மருந்து செலுத்தும் முறையை ஆயுர்வேதம் நசியம் என்ற பெயரில் விரிவாக வகுத்திருக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் ஏழு வயது நிரம்பாதவருக்கும் எண்பது வயதைக் கடந்தவருக்கும் நசியம் கூடாது என்று விலக்குகிறது. ஆயினும் அதே நூல், மிகச் சிறிய அளவில் விடப்படும் மென்மையான நசியத்தை மட்டும் பிறப்பு முதல் இறப்பு வரை தரலாம் என்று அனுமதிக்கிறது. சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே வாய்மொழியாகக் கைமாறிய அறிவில் விலக்கு மறைந்து அனுமதி மட்டும் எஞ்சியிருக்கக்கூடும் என்று கருதுவதற்கு இடமுண்டு. அளவைக் குறித்த எச்சரிக்கைதான் எந்த மருத்துவ மரபிலும் முதலில் தொலைந்துபோவது.

எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் என்ன நேரும் என்ற கேள்வி தென்னிந்திய வீடுகளிலிருந்து எழவில்லை. வட அமெரிக்க மருத்துவமனையின் பிணப் பரிசோதனை மேசையிலிருந்து எழுந்தது. கனடாவின் டொரோண்டோவைச் சேர்ந்த லாஃப்லென் என்ற நோயியல் அறிஞர், மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் மருந்து செலுத்தப்பட்டவர்களின் நுரையீரலில் எண்ணெய்த் துளிகள் தேங்கி நிமோனியாவை உண்டாக்கியிருந்ததை 1925-இல் விவரித்தார். அக்காலத்தில் மேலை நாட்டு மருத்துவர்களே மூக்கடைப்புக்கு எண்ணெய்ச் சொட்டு மருந்தையும், மலச்சிக்கலுக்குத் திரவ பாரஃபின் என்னும் கனிம எண்ணெயையும், எலும்பு வலுவுக்கு மீன் ஈரல் எண்ணெயையும் சிசுக்களுக்குத் தாராளமாக எழுதித் தந்துகொண்டிருந்தார்கள். ஆகவே லிப்பாய்டு நிமோனியா, அதாவது கொழுப்பு நிமோனியா என்று பின்னர் பெயர் பெற்ற இந்நோய், மருத்துவ நூல்களுக்குள் முதலில் நுழைந்தது மருத்துவர் எழுதிய மருந்தின் விளைவாகவே. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பிற்கால எழுத்துகள் பலவற்றில் இந்நோய் கீழை நாட்டுப் பாட்டிமாரின் அறியாமையால் விளைவது என்ற தொனியே மிகுந்து காணப்படுகிறது.

பிங்கர்டன் என்ற மற்றோர் ஆய்வாளர் 1920-களின் பிற்பகுதியில் பல வகை எண்ணெய்களை விலங்குகளின் நுரையீரலில் செலுத்திப் பார்த்து, எல்லா எண்ணெயும் ஒரே வகையில் தீங்கு செய்வதில்லை என்று காட்டினார். தாவர எண்ணெய்கள் பலவும் பெரிய அழற்சி எதையும் எழுப்பாமல் மெல்ல வெளியேற்றப்படுகின்றன. மீன் எண்ணெய், நெய் போன்ற விலங்குக் கொழுப்புகளோ நுரையீரலில் உள்ள நொதிகளால் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கப்பட்டு, அந்த அமிலங்கள் திசுவை எரித்துக் கடும் அழற்சியை உண்டாக்குகின்றன. கனிம எண்ணெயை உடலால் சிதைக்க இயலாது. அது இருந்த இடத்திலேயே தங்கி, சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து, நுரையீரலின் அப்பகுதி தழும்பாக இறுகிவிடுகிறது.

உணவுத் துணுக்கோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போனால் உடனே இருமல் எழுந்து அதை வெளியே தள்ளும். ஆனால் எரிச்சலூட்டாத வழவழப்பான எண்ணெய் குரல்வளையைக் கடக்கும்போது இருமல் எழுவதில்லை. சளியை மேல்நோக்கித் தள்ளும் மயிரிழைகளின் அசைவையும் அது மந்தமாக்கிவிடுகிறது. மூக்கில் விட்ட இரண்டு சொட்டில் ஒரு பங்கு ஓசையில்லாமல் உள்ளே இறங்குகிறது. குழந்தை திணறவில்லை, நீலம் பூக்கவில்லை, ஆகவே தவறு ஏதும் நடந்ததாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் நுரையீரலில் முதுகுப்புறமாக அமைந்த பகுதிகளே தாழ்ந்த இடமாதலால், எண்ணெய் அங்கே போய்ச் சேர்கிறது. வலது மூச்சுக்குழாய் நேராக இறங்குவதால் வலப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் எண்ணெயை விழுங்கிப் பருத்து, அழிக்க முடியாமல் அங்கேயே தேங்கிக் கிடக்கின்றன. நாள்தோறும் இரண்டு சொட்டு என்று வாரக்கணக்கில் இது தொடரும்போது, மூச்சு வேகமாதல், விலா குழிந்து இழுத்தல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை ஏறாமை என்று நோய் தலைகாட்டுகிறது.

தென்னிந்தியாவில் இந்நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் எஸ். பாலகிருஷ்ணன் என்பவர் தென்னிந்தியச் சிசுக்களிடமும் குழந்தைகளிடமும் காணப்படும் கொழுப்பு நிமோனியா பற்றிய கட்டுரையை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். லாஃப்லெனின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் இந்தியப் பேறுகால வழக்கங்கள் ஆராயப்படாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. 1885-இல் தொடங்கிய டஃபரின் சீமாட்டி நிதியும், 1903-இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியால் தொடங்கிய விக்டோரியா நினைவு நிதியும், நாட்டு மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பதையும் பெண்களுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும் நோக்கமாகக் கொண்டு இயங்கின. அந்தப் பயிற்சியின் கவனம் முழுவதும் கையின் தூய்மை, தொப்புள்கொடி அறுக்கும் கருவி, பிரசவ அறை ஆகியவற்றின் மேல் இருந்தது. ரணஜன்னியும் காய்ச்சலும் தாயையும் சேயையும் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அது சரியான முன்னுரிமையும்கூட. குளியலில் விடப்படும் எண்ணெய் பயிற்றுவித்தவர்களின் கண்ணுக்குத் தவறாகப் படவில்லை. விளக்கெண்ணெய் அவர்களுடைய மருந்துப் பெட்டியிலும் இருந்தது.

பெங்களூரில் தாய்சேய் மருத்துவம் நிறுவனமாக வளர்ந்த வரலாறு இதற்கு இணையாக நடந்தது. வாணி விலாஸ் மகளிர் குழந்தைகள் மருத்துவமனை 1935-இல் நிறுவப்பட்டது. நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கோரமங்கலாவை ஒட்டி அமைந்த செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1963-இல் தொடங்கப்பட்டு, அதன் மருத்துவமனை 1975-இல் செயல்பட ஆரம்பித்தது. இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் 1991-இல் வந்தது. பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்தன. ஆனால் குளியல் வீட்டிலேயே தங்கிவிட்டது. மருத்துவமனை தாயையும் சேயையும் சில நாள்களில் அனுப்பிவிடும். வீடோ நாற்பது நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

இக்காலகட்டத்திலேயே சிசுவின் நுரையீரலுக்கு இன்னொரு நாட்பட்ட நோய் உருவாயிற்று. அதை உருவாக்கியது மருத்துவமனை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்னும் வழுவழுப்புப் பொருள் போதிய அளவு இராது. காற்று நுண்ணறைகளின் உட்பரப்பில் படர்ந்து, மூச்சை விடும்போது அவை ஒட்டிச் சுருங்கிவிடாமல் காப்பது அதன் வேலை. இந்தக் குறையே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் 1959-இல் காட்டினார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இந்நோயால் இறந்தபோது, உலகின் மிகச் செல்வாக்குள்ள குடும்பத்தாலும் அதை வெல்ல முடியவில்லை. அதன்பின் செயற்கைச் சுவாசக் கருவிகள் சிசுக்களுக்குப் பயன்பட்டன, குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் சிலரின் நுரையீரல் மாதக்கணக்கில் தேறவில்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் நார்த்வே 1967-இல் இத்தகைய 32 குழந்தைகளை ஆராய்ந்து, மிகுந்த அடர்த்தியுள்ள ஆக்சிஜனும் கருவியின் அழுத்தமும் சேர்ந்து அந்த இளம் நுரையீரலைக் காயப்படுத்தித் தழும்பாக்கியிருந்ததை விவரித்து, பிராங்கோபல்மோனரி டிஸ்பிளேசியா என்று பெயரிட்டார். காற்று நுண்ணறைகளில் மிகப் பெரும்பகுதி பிறந்தபிறகே உருவாகின்றன என்பதால், சிசுவின் நுரையீரலில் படும் காயம் இருக்கும் திசுவோடு நில்லாமல் இனி வளரவேண்டிய திசுவையும் தடுத்துவிடுகிறது.

இவ்விரு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய காரணம் உண்டு. எண்ணெய், ஆக்சிஜன் இரண்டுமே குழந்தை வாழவேண்டும் என்ற தவிப்போடு தரப்பட்டவை. இரண்டும் அளவும் இடமும் தவறியபோது நுரையீரலைக் கெடுத்தன. வேறுபாடு பின்னர் நடந்ததில் இருக்கிறது. மருத்துவமனை தன் தவற்றை ஏட்டில் எழுதியது, எண்ணிப் பார்த்தது, வெளியிட்டது. 1971-இல் ஜார்ஜ் கிரெகரி மென்மையான தொடர் காற்றழுத்தத்தால் குழந்தைகளைக் காக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சேயின் நுரையீரல் முன்கூட்டியே பக்குவப்படும் என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா செயற்கைச் சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குச் செலுத்தி வெற்றி கண்டார். தரவேண்டிய ஆக்சிஜனின் அளவு மெல்ல மெல்லக் குறைக்கப்பட்டது. குளியல் ஆயாவுக்கு இப்படி ஓர் ஏடு வாய்க்கவில்லை. அவர் தண்ணீர் ஊற்றிய குழந்தை நான்காம் மாதத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அந்தச் செய்தி அவரிடம் திரும்பி வருவதற்கு வழியே இல்லை. அவர் அதற்குள் வேறு தெருவில் வேறு குழந்தையைக் காலில் கிடத்தியிருப்பார். திருத்திக்கொள்ளும் வாய்ப்பே தரப்படாத ஒருவரை அறியாமைக்காரர் என்று குறைசொல்வது நியாயமாகாது.

நோயறிதலும் இதே காரணத்தால் தடுமாறியது. குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால், ஒன்றுமில்லை என்று தாய் சொல்வது பொய்யன்று. மூக்கில் விடும் எண்ணெயை எவரும் மருந்துக் கணக்கில் வைப்பதில்லை, அது குளியலின் பகுதி. எக்ஸ்-ரே படத்தில் தெரியும் நிழல் சாதாரண நிமோனியாவைப் போலவே தோன்றும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளுக்கு மசியாது. நீண்ட நாள் இருமல், மெலிவு, விலகாத நிழல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வருவது காசநோயே. கொழுப்பு தேங்கிய நுரையீரலில் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளான, விரைந்து வளரும் வேறு மைக்கோபாக்டீரியங்கள் குடிபுகுவதும் உண்டாகையால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சி.டி. ஸ்கேன் வந்தபின் நிலை மாறியது; கொழுப்பு தண்ணீரைவிடக் குறைந்த அடர்த்தி உடையதாதலால் ஸ்கேனில் சுழியத்துக்குக் கீழான எண்ணாகப் பதிவாகிறது. மூச்சுக்குழாய் உள்நோக்கி வழியே உப்புநீரைச் செலுத்தி நுரையீரலைக் கழுவி எடுத்தால், வெளிவரும் நீர் பால்போல் வெளுத்து, சற்று நேரம் வைத்தால் மேலே எண்ணெய் ஏடு படிவதைக் கண்ணாலேயே காணலாம். கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணெய் விழுங்கிய செல்கள் கூட்டங்கூட்டமாகத் தெரியும்.

பெங்களூரில் இது கொழுப்பு நிமோனியாதான் என்ற முடிவுக்கு வருமுன் மருத்துவர்கள் விலக்க வேண்டிய வேறொரு நோய்க் கூட்டமும் உண்டு. சர்ஃபாக்டன்ட் புரதங்களில் பிறவிக் குறைபாடு உடைய மிக அரிய நுரையீரல் நோய்கள் 1993 முதல் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டு வருகின்றன. அவற்றுள் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றுவன. பெங்களூர், மைசூர் மருத்துவமனைகளில் 1980-களில் நிகழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை பிட்டில்ஸ், இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவ் முதலியோர் ஆராய்ந்தபோது, பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உறவுமுறையில் மணந்தவர்களாக இருந்தனர். மாமன் அக்காள் மகளை மணப்பதும் அதில் மிகுதியாக இருந்தது. உறவில் மணம் நடந்த குடும்பத்தில் இத்தகைய நோய்க்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், இங்கே மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்றாகிறது.

பிள்ளைக் குளியலை முற்றிலும் நிறுத்தச் சொல்வது தேவையற்றது, நடக்கக்கூடியதும் அன்று. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதன் பயனை ஆய்வுகளே ஏற்றிருக்கின்றன. டாக்கா சிசு மருத்துவமனையில் மிகக் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்றுகள் 41 சதவீதம் குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. கட்டாயப்படுத்திப் புகட்டும்போது ஆபத்தான கருவியாகிய பாலாடைகூட, மார்பில் சப்ப வலுவில்லாத குறைமாதக் குழந்தைக்கு, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயும் விழுங்கியபின் அடுத்ததைத் தரும் முறையில், சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே பயன்படுகிறது. விலக்க வேண்டியவை மிகச் சில: மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுதல், வாயால் ஊதுதல், தொண்டையில் விரல் விடுதல், அழும்போது எண்ணெயோ நெய்யோ புகட்டுதல், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுதல். எண்ணெய் தோலோடு நின்றுவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஏற்கெனவே நைந்த நுரையீரலோடு வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைக்கு இந்த விலக்கு இன்னும் கண்டிப்பானது. ஆக்சிஜன் விட்ட காயத்தின்மேல் எண்ணெயின் காயத்தைத் தாங்க அந்த நுரையீரலால் இயலாது.

எண்ணெயை நிறுத்துவதே இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை. நுரையீரலைக் கழுவுவது தேங்கிய கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. ஸ்டீராய்டு மருந்துகளின் பயன் இன்னும் உறுதிப்படவில்லை. எண்ணெய் நின்றபின் மூச்சு சீராகிக் குழந்தை எடை ஏறத் தொடங்கினாலும் எக்ஸ்-ரே நிழல் மறைய மாதங்கள் ஆகும். தழும்பேறிய பகுதி மறைவதே இல்லை.

2011 முதல் நடைமுறையில் உள்ள வீட்டுச் சிசுப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு ஆஷா எனப்படும் சமூகச் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆறு முறை செல்ல வேண்டும். குளியல் ஆயா வந்துபோகும் நாற்பது நாளும் இதுவே. ஒரே வாசற்படியை இரு பெண்களும் மிதிக்கிறார்கள். நீலசந்திராவைப் போன்ற பகுதியில் ஆஷா பணியாளர் காலையில் தண்ணீர் ஊற்றும் வேளையில் சென்று, தாயோடு பாட்டியையும் ஆயாவையும் உட்கார்த்தி, மருந்தைப் பற்றிக் கேட்காமல், குளிப்பாட்டும் முறையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்லிக் கேட்டால், மருத்துவமனையில் மாதக்கணக்கில் வெளிவராத செய்தி அங்கே சில நிமிடங்களில் வெளிவந்துவிடும். ஒரு தெருவில் ஐந்தாறு வீடுகளுக்குப் போகும் ஆயா ஒருவர் மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்தினால், அவர் கையில் அடுத்தடுத்து வரும் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அது நின்றுவிடுகிறது.